பிள்ளைச் சவுக்காரம்

முதலில் சாம்பல் தண்ணீர் கொதிக்கும் காரம் மூக்கில் ஏறும். பிறகு செம்பனை எண்ணெயின் வாடை. இரண்டும் சேர்ந்தால் தொண்டை வரை கமறும்... முப்பது வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு அது நல்ல வாசனைதான்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. ரப்பர் மரங்களில் பாதியை வெட்டி எரித்துவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் அம்மா, அம்மாவின் தங்கை சின்னம்மா, நான், தம்பி.

கடைகளில் சவுக்காரமே இல்லை. சொறி பிடிக்காத பிள்ளை லயத்தில் கிடையாது. நானும் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தவள்தான்.

எரிந்த மரங்களின் சாம்பலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அம்மா அதைக் கரைத்து, துணியில் வடித்து, எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினார். கட்டியாக்க உப்பு வேண்டும். உப்புக்கு எங்கே போவது? அதனால் களி மாதிரியே இருக்கும். ஆனால் பூசிக் குளித்தால் சொறி ஆறும். கொட்டாங்கச்சியில் அள்ளி, பின்வாசலில் வரிசையாக வைத்துவிடுவார்.

வேண்டியவர்கள் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கிழங்கோ முட்டையோ வைத்துவிட்டுப் போவார்கள். அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'பிள்ளைச் சவுக்காரம்' என்று லயமே அதற்குப் பேர் வைத்தது. பிள்ளைகள் உடம்புக்குத் தவிர வேறெதற்கும் அம்மா தரமாட்டார்.

பக்கத்து வீட்டு முனியம்மா ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

"எம் புருசன் என்னக்கா பாவம் பண்ணாரு? அவரும்தான் நாறுறாருலா."

"உம் புருசனுக்கு எருமத் தோலு. வெறும் சாம்பலே போதும், போ."

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெடாஸில் கடை வைத்திருந்த பாய் ஆள் அனுப்பினார். துணி வெளுக்கச் சவுக்காரம் வேண்டும், நல்ல காரமாக. கொடுத்தால் அரிசி தருவாராம்.

"அரிசி, அக்கா," என்றார் சின்னம்மா. "கடைசியா எப்ப சோறு தின்னோம், சொல்லு பார்ப்போம்."

அம்மா தம்பியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். சரி என்றார்.

சாம்பலைக் கூட்டிப் போட்டு, அதே சட்டியில்தான் காய்ச்சினார்கள். வேறு ஏனம் இல்லாததால், அதே கொட்டாங்கச்சிகளில் அள்ளி அதே பின்வாசலில் ஆற வைத்தார்கள். பாயின் ஆள் மறுநாள் வருவதாகப் பேச்சு. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் மரவள்ளிக் காட்டுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது ஒரு கொட்டாங்கச்சி இருந்த இடத்தில் இரண்டு முட்டைகள் இருந்தன.

பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அம்மா ஓடினார். முனியம்மாவின் கைக்குழந்தைக்குக் கழுத்திலும் தொடையிடுக்கிலும் தோல் வெந்து சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி, அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார் அம்மா. முனியம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒங்க வூட்டுக் கொட்டாங்கச்சின்னு நம்பித்தானேக்கா எடுத்தேன்..."



குழந்தை தேறிவிட்டது. ஆனால் எங்கள் பின்வாசலுக்கு யாரும் வரவில்லை. கிழங்கு இல்லை, முட்டை இல்லை. சொறி மட்டும் எல்லா வீட்டிலும் திரும்பி வந்தது.

மிச்சமிருந்த வெளுப்புச் சவுக்காரத்தை அம்மா குழி தோண்டிப் புதைத்தார். சின்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தனியா வெச்சு அடையாளம் போட்டா போச்சு. அரிசியப் போயி வேணாம்பியா?"

"ஒரே வாசல்ல ரெண்டும் இருந்தா எடுக்குறவ யோசிக்கணும். இடுப்புல பிள்ளைய வெச்சிக்கிட்டு எவ நின்னு யோசிப்பா?"

புதுச் சட்டிக்கு எங்கே போவது? பழையதையே மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மறுபடி காய்ச்சி, என்னையும் தம்பியையும் லயத்துப் பொதுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். தினமும், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், தலை முதல் கால் வரை பூசிக் குளிப்பாட்டினார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு மானக்கேடு... பெண்கள் வாளியோடு நின்று என் தோலையே பார்ப்பார்கள்.

எத்தனையாவது நாளோ, முனியம்மா பிள்ளையோடு வந்து நின்றார்.

"இவனுக்கும் கொஞ்சம் போடுங்கக்கா."

அம்மா முதலில் தன் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்கினார்.

ஜப்பான்காரன் போனான். அப்பா வரவில்லை. கடைகளில் சீமைச் சவுக்காரம் வந்தது, வாசனையாக, கட்டியாக. அந்த வாரமே அம்மா சவுக்கார அடுப்பை அணைத்துவிட்டுப் பால்வெட்டுக்குப் பேர் கொடுத்தார். துணிச் சவுக்காரமாவது காய்ச்சலாம் என்று சின்னம்மா கெஞ்சிப் பார்த்தார்.

"பிள்ளைங்களுக்கு நல்லது வந்துருச்சில்ல. அப்புறம் நாம எதுக்கு?" என்றார் அம்மா.

கல்லூரி முடித்து, இப்போது சிரம்பானில் வாணிபப் பாடம் நடத்துகிறேன். வியாபாரம் வளர வேண்டும், கிளை விட வேண்டும் என்றுதான் புத்தகம் சொல்கிறது. என்னிடம் படித்தவர்கள் கடை திறக்கும்போது கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் வளையல், வாளி, டார்ச் லைட், ஊதுபத்தி... எல்லாம் இருக்கிறது. யாருக்காகத் திறந்தாய் என்று கேட்டால், "எல்லாருக்கும்தான் டீச்சர்" என்று சிரிக்கிறார்கள். பல கடைகள் அடுத்த தீபாவளிக்கு இருப்பதில்லை. பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அம்மாவும் சின்னம்மாவும் சிரம்பானை ஒட்டிய மம்பாவில் என்னோடுதான் இருக்கிறார்கள். சாயங்காலத் தேநீரின்போது சின்னம்மா ஆரம்பித்துவிடுவார்.

"அன்னிக்கு மூடாம இருந்தா இந்நேரம் பேக்டரியே வெச்சிருப்போம்லா."

அம்மா தேநீரை ஊதிக்கொண்டே கேட்பார்.

"யாருக்கு?"