முப்பது சோடி கறுப்புச் சப்பாத்து

கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரில், புதிதாக எழும்பிய குடியிருப்பில் ஒரு வீடு. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் செபம் முடிந்து, திருச்சியிலிருந்து வந்திருக்கும் நான் வாசற்கதவருகே வண்டிக்காகக் காத்திருக்கிறேன். காலடியில் முப்பது சோடி பனிச் சப்பாத்துகள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஈரம். அந்தக் குவியலிலிருந்து என்னுடையதை முதல் ஆளாகப் பொறுக்கி மாட்டிவிட்டேன். கொஞ்சம் இறுக்குகிறது. இந்தக் குளிரில் கால் வீங்கியிருக்கும்.

மன்னார்க்காரரான றீற்றா அன்ரி காலுறையோடு வந்து குவியலைக் கிளறுகிறார். அவருடைய சோடியைக் காணவில்லை.

"அந்தோனியார்கிட்ட கேளுங்க, தேடித் தருவார்" என்கிறேன். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் ஆப்பையே இந்த வீட்டுப் பிள்ளைகள் 'அந்தோனி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அவர் தேடித் திரியிற ஆள் இல்லை, தம்பி. அவற்ற செபப் புத்தகத்தை ஒரு இளந்துறவி களவெடுத்துக்கொண்டு ஓடினவன். அந்தோனியார் இருந்த இடத்திலயே இருந்து செபிச்சவர். எடுத்தவன்தான் பயந்துபோய்த் திரும்பி வந்து குடுத்தவன்."

"அப்போ உங்க சப்பாத்து?"

"வரும். எடுத்த ஆளோடயே கூட்டிக்கொண்டு வருவார்."

இவ்வளவு உறுதி எனக்கு எதிலும் இருந்ததில்லை. வெளியே வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. படியிறங்கி நாலடி வைப்பதற்குள் விரல்கள் மடங்கி வலிக்கின்றன. வீக்கம் இப்படி வலிக்காது. நின்று, திரும்பி, படியேறுகிறேன்.

அன்ரி குவியலை விட்டுவிட்டார். கதவைத் திறந்து பிடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆறுதலாக் கழட்டுங்கோ, தம்பி. அவசரமில்லை, வண்டிக்காரன் நிப்பான்."