அண்ணனுக்குக் கொண்டுபோன பீர்

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு லிட்டர் பீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடையில் விற்கும் பாட்டில் பீர் இல்லை. பெங்களூரிலேயே ஒரு கட்டடத்து மாடியில் காய்ச்சி, குழாயில் பிடித்து, கண்ணாடிக் குடுவையில் அடைத்துக் கொடுத்தது. ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும், இரண்டு நாளில் குடித்துவிடவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது. ஈரத்துண்டைச் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி பிடித்துக்கொண்டேன். ஓசூர் செக்போஸ்ட் பக்கம் மட்டும், வெளிமாநிலச் சரக்கென்று பிடித்துவிடுவார்களோ என்று துண்டை மேலே இழுத்து மூடிக்கொண்டேன். யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

அண்ணன் இறந்து அன்றைக்கு இருபத்தொன்பது நாள். மறுநாள் படையல். எங்கள் வீட்டில் முப்பதாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் போட்டோவுக்கு முன்னால் இலையில் வைத்துக் கும்பிடுவோம். கருவாட்டுக் குழம்பு பிடித்தவருக்குக் கருவாட்டுக் குழம்பு, பீடி பிடித்தவருக்குப் பீடி. அண்ணன் என்னிடம் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது இந்தப் பீர். இதை எப்படியாவது அவர் இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை. சுடுகாட்டில் அழுகை வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே ஆபீஸுக்குப் போய் மெயிலுக்கெல்லாம் பதில் போட்டேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அதுபோல உடம்பு முழுக்க இருந்தது. அதற்காக வெட்கப்பட்டேனா என்றால் அதுவும் இல்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். நாங்கள் இரண்டு பேருமே குடிப்போம். ஆனால் ஒருவர் குடிப்பது இன்னொருவருக்குத் தெரியாது என்பது வீட்டுச் சட்டம். தெரியும்தான், தெரியாததுபோல இருக்கவேண்டும். ஊருக்குப் போயிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் அவர் டம்ளர் டிவிக்குப் பின்னால் போய்விடும். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது என் வாய் நிறையப் பாக்கு இருக்கும்.

"பாக்கு ஜாஸ்தி போடாதடா, பல்லு போயிடும்" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. எனக்கு நாற்பது தாண்டியும் இதே கூத்துதான். என் தம்பி என் எதிரில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை என்று அவர் ஆபீஸில் பெருமையடித்துக்கொள்வாராம். நானும் அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் இரண்டு நாள் பெங்களூருக்கு வந்தார். ஆபீஸ் வேலை என்றார். திருவண்ணாமலைக் கிளார்க்குக்குக் கர்நாடகாவில் என்ன ஆபீஸ் வேலை என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் ஒரு துணிப்பையோடு போனார், சாயங்காலம் வந்தார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஊர்ல அங்கங்க அவங்களே பீர் காய்ச்சறாங்களாமே. ஒரு எடம் பாத்துட்டு பஸ் ஏறலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டைச் சுற்றி அப்படி மூன்று இடம் உண்டு. மூன்றிலும் என் முகம் தெரியும். ஒன்றில் நான் உட்காருவதற்கு முன்பே கிளாஸ் வந்துவிடும். அதனால் அந்தப் பக்கமே தலைகாட்டாமல், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, போனில் தேடுவதுபோல் தேடி, ஆட்டோவில் அவரை ஊரெல்லாம் இழுத்தடித்தேன். ஒரு இடத்தில் செருப்புப் போட்டவரை உள்ளே விடமாட்டார்களாம். அண்ணன் காலில் தோல் செருப்பு. இன்னொன்று சாயங்காலம்தான் திறக்கும். கடைசியில் ஒரு சோபாக் கடைக்கு மேலே, நான் இதுவரை போகாத ஓர் இடம் கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய செம்புப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன.

"நெல்லு அவிக்கிற அண்டா மாதிரி இருக்குது" என்றார். அவர் அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ருசி பார்க்க ஒரு பலகையில் ஆறு சின்னக் கிளாஸ் வந்தது. அதில் பாதியை என் பக்கம் நகர்த்தினார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் செய்ததே இல்லை. நான் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

"எனக்குப் பழக்கம் இல்லணா" என்று சொல்லி லெமன் சோடா வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கிளாஸ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குடித்தார். நான்காவதில், "ஒரு விஷயம்டா" என்று ஆரம்பித்தார். நான் பவ்யமாக ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். "ஒன்னுமில்ல. கசப்பு கம்மியாத்தான் இருக்குது" என்று முடித்துவிட்டார். ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பரவாயில்லை, மானம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அண்ணி போன் செய்தார். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார். தை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பீரோடு திருவண்ணாமலையில் இறங்கியபோது, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் இல்லாததால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ உடனே கிடைத்தது. வேங்கிக்கால் வீட்டில் பீரை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அண்ணி என்னவென்று பார்த்தார், கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். வடை, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வெற்றிலை, அடி அண்ணாமலையிலிருந்து வந்த பெரியப்பா கவர்ன்மெண்ட் கடையில் வாங்கிவந்த கால் பாட்டில் பிராந்தி. அதன் பக்கத்தில் என் குடுவையை வைத்தேன்.

"என்னப்பா இது, கஷாயமா?" என்றார் பெரியப்பா.

"பீருங்க பெரிப்பா. அங்கயே காய்ச்சறது. அண்ணன் ஆசப்பட்டுக் குடிச்சது."

மூடியைத் திறந்தேன். புஸ் என்ற சத்தமே வரவில்லை. டம்ளரில் ஊற்றியபோது நுரை எழவில்லை. கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, பெரியப்பாவும் மற்றவர்களும் மாடிக்குச் சாப்பிடப் போனார்கள். நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம்.

"அவருக்கு பீர்னாலே ஆகாதுங்க தம்பி. வயிறு உப்பிக்கும்பாரு" என்றார் அண்ணி.

"அவருதான் கேட்டாரு அண்ணி."

"கேட்டிருப்பாரு. ஸ்கேன் ரிப்போர்ட்ட வாங்கத்தான அங்க வந்தாரு. பையிலதான் வச்சிருந்தாரு. மொத மொத உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தாரு. ‘அண்ணன்னு பயந்துகிட்டு எட்டவே நிப்பான், ஒன்னா ஒக்காந்து ஒரு கிளாஸ் குடிச்சா சொல்லிடுவேன்'னு சொல்லிட்டுப் போனாரு." புடவைத் தலைப்பால் விளக்கின் எண்ணெயைத் துடைத்தார். "நீங்க ஜூஸ் குடிச்சீங்களாமே."

நான் குடுவையின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"திரும்பி வந்து எங்கிட்ட சொன்னவரு, வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுட்டாரு. என்னையும் சொல்லக் கூடாதுன்னாரு."

ஆடியிலிருந்து கார்த்திகை வரை நாலு மாதம். அதை நான் விரல் விட்டு எண்ணினேன், எதற்கென்று தெரியவில்லை. அண்ணி இன்னொரு டம்ளரில் மீதியை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"படையல் வீணாவக் கூடாது. குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டம்ளரை எடுத்தேன். புளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கை வாயை மறைத்துக்கொண்டிருந்தது. எப்போது திரும்பினேன் என்றே தெரியவில்லை. போட்டோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. கையை எடுத்தேன். திரும்பி, போட்டோவுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"எனக்குப் பழக்கம் இருக்குதுணா" என்றேன். மீதியை அவர் எதிரில் குடித்தேன். இலையில் அவருடைய டம்ளர் ஊற்றினபடியே இருந்தது.