பின்னாலேயே வரும் பேருந்து

மூன்று எண்ணுவதற்கு ஒரு தடவை ஃபிலிபோவின் தலை இடதுபக்கம் திரும்பும். வாய் திறந்து மூச்சிழுக்கும். கையில் ஸ்டியரிங். முதுகுக்குப் பின்னால் தீவின் தலைநகர் அப்பியாவின் சந்தைக்குப் போகிற சனம். "ஏ ஃபிலிபோ, ரோட்டப் பாருப்பா. கடல் அந்தப் பக்கம்" என்று மீன்கூடைக்காரி அதட்டினால், "பாத்துட்டுதான் இருக்கேன்க்கா, நீச்ச மூச்சு பழகுறேன்" என்பார்.

நாற்பத்தாறு வயது. மரப்பலகை அடித்து நீலம் பூசிய அந்தப் பேருந்து அவருக்குச் சொந்தம். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. உட்காரத் தெரியாத உடம்பு. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது அவர் முழங்கால் சைக்கிள் மிதிக்கும், பெஞ்சு முழுவதும் கிறீச்சிடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற டிரையத்லான் போட்டிக்கு இது மூன்றாவது முறை.

முதல் வருடம் ஒரு நாள்கூட ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்த்தால் வம்பு என்று சமையல் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே ஓடினார்.

"ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு. நீங்க அவருக்கும் மேலயா?" என்றாள் மனைவி மெலே.

"அவரு எந்தப் போட்டிக்கும் பேர் குடுக்கல புள்ள."

போட்டிக்கு முந்தின வாரம் முழங்கால் வீங்கிப் போயிற்று. கரையில் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினார்.

போன வருடம் சாப்பாட்டில் சறுக்கினார். உடம்பு இளைக்கட்டும் என்று சேப்பங்கிழங்கையும் தேங்காய்ப்பாலையும் தள்ளிவிட்டு ஒன்றரை மாதம் பப்பாளியும் தண்ணீரும். ஓடும்போது தெம்புக்கு உறிஞ்ச என்று ஆக்லாந்திலிருந்து சித்தி மகன் அனுப்பிய இனிப்புக் கூழ் பாக்கெட்டுகளைப் போட்டியன்றுதான் முதன்முதலாகப் பிரித்தார், நாலையும் உறிஞ்சினார். காய்ந்த வயிறு கலங்கிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சீமைப்பலா மரத்துக்குப் பின்னால் மூன்று தடவை ஒதுங்கினார். ஓட்டத்தின் பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது.

நேரம் தவறியவர்களை அள்ளிவரப் போட்டிக்காரர்கள் அமர்த்தியிருந்தது அவருடைய நீலப் பேருந்தைத்தான். ஓட்டிவந்தவன் மெலேயின் தம்பி செமிசி.

"ஏறுங்க மச்சான். சொந்த வண்டி, டிக்கெட் வேணாம்."

கதவோரச் சீட்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஊர் வழியே வந்தார். துண்டுக்குள் யார் என்று ஊருக்குத் தெரியாதா. அன்றிலிருந்து வண்டி கழுவும்போது அந்தச் சீட்டை மட்டும் அவர் தொடுவதில்லை.

இந்த வருடம் மெலே ஒரே பேச்சுதான் பேசினாள். "போட்டியன்னிக்கு இன்னொரு தடவ அந்த வண்டில வந்து எறங்குனா, சைக்கிள் வீட்டுல இருக்காது." அவள் சொன்னால் செய்கிறவள். ஆகவே வாரம் ஒரு நாள் ஓய்வு, பல்லைக் கடித்துக்கொண்டு. அவித்த கிழங்கில் உப்புத் தடவி, வாழையிலையில் மடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் பழகிப் பார்த்தார். வயிறு முனகவில்லை.

போட்டிக்கு முந்தின சாயங்காலம், ஓய்வு நாள். நாளைக்கும் அதே பேருந்துதான், அதே செமிசிதான். சந்தையில் சாவியை அவன் கையில் கொடுத்தார். வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். குதிகால் தானாக எழும்பியது.

"ஓடித்தானே போவீங்க மச்சான்? போங்க, பின்னாலேயே வரேன்."

ஃபிலிபோ வண்டியில் ஏறினார். கதவோரச் சீட்டின் தூசியை உள்ளங்கையால் துடைத்து, அதிலேயே உட்கார்ந்தார். இலையைப் பிரித்துக் கிழங்கை மென்றார். வண்டி நகர்ந்ததும் வலது கால் மிதிக்கத் தொடங்கியது. இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.