ஒரு வரி விடாமல்

ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பதருன்னிசா லேசாகப் பவுடர் பூசி, முக்காட்டைக் காதோரம் குண்டூசியால் இறுக்கிக்கொண்டு, மேசைக்கு அடியிலிருக்கும் நீல பிளாஸ்டிக் டப்பில் இரண்டு கால்களையும் விடுகிறார். உப்புப் போட்ட வென்னீர். குதிகால் வலி. மேசைக்கு மேலே கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நேரான முதுகு, நிதானமான குரல். செங்கல்பட்டில் பாதிப் பேர் தினமும் அவரைப் பார்க்கிறார்கள். ஒருவரும் முழுசாகப் பார்த்ததில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. அங்கிருந்து உள்ளூர் கேபிளில் அரை மணி நேரச் செய்தி. முதலாளி, ஆசிரியர், வாசிப்பாளர் மூவரும் அவரே. கேமரா, விளக்கு, வென்னீர் மூன்றும் தேவேந்திரன்.

விளக்கு எரியும்வரை அவருடைய தமிழில் ஒரு பிசிறு இருக்காது. அணைந்ததும், "இன்னாடா தேவேந்திரா, நாஸ்தா வாங்கியாந்தியா?" என்பார். எழுதி வந்த தாளில் மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார், வேறொன்றும் செய்யமாட்டார். திருமண வாழ்த்தில் மாப்பிள்ளை தன்னை 'வீரத்தின் விளைநிலம்' என்று எழுதிக் கொடுத்தாலும் சிரிக்காமல் வாசிப்பார். "எயுதனத வாசிக்கறது என் வேல. எயுதனவன் மானம் அவன்து."

சென்ற வருடம் 'செய்தி ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று புதிதாக ஓர் அலுவலகம் முளைத்தது. அதன் அதிகாரி ராகவன் மென்மையானவர்; மிரட்டும்போதுகூட "மேடம்" என்பார். உள்ளூர்ச் சேனல்களுக்கு அவர் அனுப்பிய உத்தரவின் நாலாவது வரி இது: 'பிரிவு அனுப்பும் குறிப்புகளை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும், வேறெதையும் வாசிக்கக் கூடாது.' பக்கத்து ஊர்ச் சேனல் ஒன்று ஏரியில் மண் அள்ளும் லாரியைக் காட்டியது. மறுநாள் அந்தச் சேனலில் வெறும் நீலத் திரை. இன்றைக்கும் நீலம்தான்.

பதருன்னிசா சண்டை போடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ உத்தரவுக்குச் சட்டம் போட்டு கேமராவுக்குப் பின்சுவரில் மாட்டினார். எட்டு மாதம் பிரிவின் குறிப்புகளை மட்டுமே வாசித்தார். கோப்பு எண், தேதி, 'ஒப்பம், ராகவன்', 'நகல்: கோப்புக்கு' எல்லாம் சேர்த்து. அதெல்லாம் வேண்டாமே என்று ராகவன் ஒருமுறை போனில் சொன்னார். "எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றார் இவர். ராகவன் எழுதித் தரவில்லை. "அக்காவும் அடங்கிடுச்சுபா," என்றது டீக்கடை.

போன மாதம் ரஞ்சிதா மாடியேறி வந்தாள். திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"யக்கா, மூணு நாளா கரையில மீனு செத்து ஒதுங்கிகினு கீது. எந்த ஃபேக்டரிக்காரனோ தண்ணிய வுட்டுட்டான். வெளியூருக்காரனுங்க அத்த வாரிகினு போயி கருவாடு போடறானுங்க. பக்கத்து வூட்டுப் பொண்ணு துன்னுட்டு ஆஸ்பத்திரில கீது. யாரும் துன்னாதீங்கன்னு டிவில ஒரு வார்த்த சொல்லேன்."

"சொன்னா உன் யாவாரமும் இல்ல படுத்துரும்?"

"படுத்தா நாலு நாள்ல எய்ந்துக்கும். அந்தப் பொண்ணு எய்ந்துக்கணுமே."

பதருன்னிசா சுவரைப் பார்த்தார். "பாக்கலாம், போ."

அன்று சாயங்காலம் வழக்கமான வாட்ஸ்அப்பில், வழக்கமான அலுவலகத் தாளில் ராகவனிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. 'கீழ்க்கண்ட செய்திகளை ஒளிபரப்பக் கூடாது.' கீழே மூன்று வரிகள். அதற்கும் கீழே கோப்பு எண், ஒப்பம். அதை வாசிக்கக் கூடாது என்று எழுத ராகவனுக்குத் தோன்றவில்லை. யார்தான் வாசிப்பார்கள்?

பதருன்னிசா சிவப்புப் பேனாவைத் திறந்தார். தேவேந்திரன் கேமராவை விட்டு மேசைக்கு ஓடி வந்தார்.

"யக்கா, இத்தப் படிச்சீன்னா லைனப் புடுங்கிடுவான். ஜீப்பே வந்தாலும் வரும்."

"குறிப்புதான அனுப்பிக்கிறான்? நாலாவது வரி இன்னா சொல்லுது?"

தேவேந்திரன் சுவரைப் பார்த்தார். "ஒரு வரி விடாமல்…"

"அவ்ளோதான்."

பிறகு பதருன்னிசா டப்பிலிருந்து கால்களை எடுத்தார். துண்டால் துடைத்தார். வெளியூர் போகும்போது போடும் வார்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இது எதுக்குக்கா?"

"ஈரக்காலோட ஜீப்புல ஏறுனா வயுக்கும்டா."

ஏழு மணிக்கு வாசித்தார். "ஒன்று. திருவிடந்தைக்குத் தெற்கே கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியுள்ள செய்தி. இரண்டு. அதற்குத் தொழிற்சாலைக் கழிவுநீர் காரணம் என்ற செய்தி. மூன்று. அந்த மீனையோ, அதில் போட்ட கருவாட்டையோ, பொதுமக்கள் உண்ண வேண்டாம் என்று எச்சரிக்கும் செய்தி. இவற்றை ஒளிபரப்பக் கூடாது." மூன்றாவதில் மட்டும் சிவப்புக் கோடுகள் கொஞ்சம் அதிகம். பிறகு கோப்பு எண், தேதி, ஒப்பம்.

செய்தி முடிந்த கையோடு போன் அடித்தது.

"மேடம், இதை யாரு வாசிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார். உங்க உத்தரவ மாட்டி வெச்சிருக்கேன். போட்டோ அனுப்பட்டுமா?"

"லைனை நிறுத்த வேண்டியிருக்கும் மேடம்."

"நிறுத்துங்க சார். உங்க குறிப்ப வாசிச்சதுக்காக நிறுத்தறோம்னு ஒரு குறிப்பு அனுப்பிடுங்க. அதையும் வாசிச்சுட்டு நானே அணைச்சுடறேன்."

ராகவன் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மார்க்கெட்டில் கருவாட்டு மூட்டைகளை ஒருவரும் தொடவில்லை. ரஞ்சிதாவின் கூடையையும்தான். "படுத்துருச்சு யக்கா," என்று மாடியேறி வந்து சொல்லிச் சிரித்தாள்.

ஜீப் வரவில்லை, லைனும் போகவில்லை. பதருன்னிசா அன்றும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கு வாட்ஸ்அப் ஒலித்தது. மூன்று பக்க மறுப்பு. 'திருவிடந்தைப் பகுதியில் மீன்கள் எதுவும் சாகவில்லை. செத்த மீன்கள் முழுவதுமாக அகற்றப்பட்டுவிட்டன. இதை அனைத்துச் சேனல்களும் இன்றே வாசிக்க வேண்டும்.'

அவர் இரண்டு முறை படித்தார். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே நீளமாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். பிறகு குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டு, நீல டப்பைக் கால் கட்டைவிரலால் மெல்ல இழுத்தார்.

"தேவேந்திரா, வென்னி."