இடது பக்கம் கிளியரா?

இன்று கம்பெனி வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழக்கமாக அங்கே உட்காரும் செல்வி அக்கா லீவு.

எங்கள் கம்பெனி இருக்கும் புக்கிட் தெங்காவுக்குப் போகும் வழியில் கேட் இல்லாத ரயில் கிராசிங் ஒன்று இருக்கிறது. அங்கே டிரைவர் அண்ணன் வேனை நிறுத்திவிடுவார். வலது பக்கத்தை அவர் பார்ப்பார். இடது பக்கத்தை முன் சீட்டில் இருப்பவர் பார்த்து, "கிளியர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வேன் நகராது.

"தங்கச்சி, கிளியரா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூச்சத்தில் குனிந்துகொண்டேன்.

"கிளியர்தான், போங்கண்ணே! லேட்டாச்சுலா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"உங்களுக்கு லேட்டு மட்டும்தான். பாக்காமப் போனா எனக்கு சம்மன் வரும், லைசென்சே போயிடும். தங்கச்சி சொல்லட்டும்."

மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள், இடது பக்கத்திலிருந்து ஒற்றை இன்ஜின் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் முன்னால் கடந்துபோனது.

அண்ணன் பின்னால் திரும்பினார்.

"பாத்தீங்களா? இந்தப் பிள்ளைக்குத்தான் கண்ணு இருக்கு," என்றார் அண்ணன். இனி அந்த சீட்டு எனக்குத்தானாம்.

உண்மையில் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "கிளியர்" என்று சொல்லத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இதை அண்ணனிடம் சொல்லியே ஆக வேண்டுமா, இல்லை நாளையிலிருந்து ஒழுங்காகப் பார்த்தால் போதுமா? நீங்களே சொல்லுங்கள்.