என் ஆன்ம இளைப்பாற்றிக்காக

அப்புத்தளையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருடமாகிறது. பதுளையிலுள்ள எங்கள் மாதா கோயில் பூசையை ஞாயிறு தவறாமல் போனில்தான் பார்க்கிறேன். இந்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனி நீ எனக்கு செத்தவதான்." அம்மா அப்பா போனபின் எனக்கிருந்த ஒரே ஆள் அவர். அப்புத்தளையில் கோயில் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அங்கே அண்ணனின் பின்மண்டை தெரியாதே! பதுளைக் கோயிலில் கேமராவைப் பின்னால் வைத்திருப்பார்கள். மூன்றாவது வரிசை வாங்கில் அவர் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரியும். உச்சியில் முடி கொட்டுவதைக்கூட வாராவாரம் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாதர் பூசைக் கருத்துகளை வாசித்தார். பிறந்தநாள் நன்றி, நோயாளிகள், அப்புறம் இறந்தவர்கள். "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சொல்லி என் பெயரை வாசித்தார். ஞானஸ்நானப் பெயர், ஊர் எல்லாம் சரியாக இருந்தது. சகோதரன் ஒப்புக்கொடுக்கும் பூசையாம்.

வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"என்னாடி, ஒன் பேரு மாதிரி கேட்டுச்சு?"

"எம் பேருதான். எங்கண்ணன் என்னைய சாகடிச்சிட்டாரு!"

அதற்குள் வீடியோவின் கீழே கமெண்டுகள் குவிந்தன. ஆழ்ந்த இரங்கல், கூப்பிய கைகள், மெழுகுதிரிகள். கூடப் படித்தவள் ஒருத்தி "தங்கமான பிள்ளை" என்று எழுதியிருந்தாள். அடிப்பாவி, உயிரோடிருந்தபோது ஒரு தடவை சொன்னாளா? வாயால் சொன்னது போதாதென்று பூசையும் வைத்துவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. மாவு விரலாலேயே எழுதினேன்: "நான் சாகல. ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன்."

பூசை முடிந்ததும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"புள்ள... நீதானா?"

அண்ணன்! விக்கி விக்கி அழுதார். ஃபேஸ்புக்கில் ஒரு மரண அறிவித்தல் பார்த்தாராம். படம் இல்லை. என் பெயர், அப்புத்தளையில் எங்கள் தோட்டம். பாட்டுக்குழுப் பிள்ளைகள் என் கமெண்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னார்களாம்.

இறந்தது எங்கள் தோட்டத்திலேயே மேல் லயத்து வரிசை வீட்டு அக்கா. அவருக்கும் எனக்கும் ஒரே பெயர். அப்பாடா, அண்ணன் வன்மத்தில் செய்யவில்லை. எனக்கும் அழுகை வந்தது. இந்த ஒரு குரலுக்காக எத்தனை ஞாயிறு காத்திருந்தேன்!

மூக்கைத் துடைக்கும்போதுதான் உறைத்தது.

"அறிவித்தல எப்பண்ணே பாத்தீங்க?"

"வியாழக்கிழம."

"வெள்ளிக்கிழம அடக்கம்னு போட்டிருந்துச்சா?"

"ஆமா."

பதுளையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் எங்கள் தோட்டத்துச் சந்தியில் இறங்கலாம்.

"அப்ப ஏன்ணே வரல?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஃபாதர்கிட்ட சொல்லி வர்ற ஞாயிறு ஒனக்கு நன்றிப் பூச வைக்கிறேன் புள்ள. நீ போன்ல பாரு."

"பூச வேணாம்ணே. நீங்க வாங்க."



"பாக்கலாம்" என்றார்.