மலரில் நான் எழுதிய அப்பா

நான் பி.எட். படித்த கல்வியியல் கல்லூரியிலிருந்து போன் வந்தபோது சின்னசேலத்து வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னாள் மாணவர்கள் சிலரைக் கௌரவிக்கப் போகிறார்களாம். இந்த வருஷம் நன்றாகப் படித்தவர்களுக்கும் அதே மேடையில் பாராட்டு. ஓய்வு பெறும்வரை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் என் பெயரும் பட்டியலில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. பொன்னாடை வேண்டாம் என்கிற மனசு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

‘என்னால் மறக்க முடியாத மாணவர்’ என்று விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், மேடையிலும் வாசிப்போம் என்றார் பொறுப்புப் பேராசிரியர். யாரை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் என்னிடம் சேர்ந்த மலைப் பெண் ஒருத்தி, தன் ஊரிலிருந்து முதல் ஆளாக டிகிரி வாங்கி, இப்போது அதே கல்லூரியில் பி.எட். படிக்கிறாள். இந்த வருஷம் மார்க்கில் முதல் மாணவியும் அவள்தான். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று போனிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

உள்ளது உள்ளபடி எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. தலை வாரி, பொட்டு வைத்து, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் கையை விட்டதும் அழுதாள். சாமை விதைக்கிற நேரம் அது. வேலையைப் போட்டுவிட்டு அவர் சாயங்காலம்வரை பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அவள்பாட்டுக்குப் படித்தாள். இதில் நான் செய்தது என்ன? அதுதான் எனக்கு இடித்தது.

பி.எட். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படிக்கும்போது ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ‘கேஸ் ஸ்டடி’ என்று ஒரு நோட்டு எழுத வேண்டும். குழந்தையின் பிரச்சினை, அதற்குக் காரணம், நாம் சொன்ன தீர்வு, கிடைத்த பலன். பிரச்சினை எவ்வளவு பெரிசோ அவ்வளவு மார்க். நன்றாக இருந்த குழந்தையை நன்றாக இருக்கிறது என்றே எழுதிவைத்தாள் என் தோழி. “இதுல பிரச்சின எங்கம்மா?” என்று நோட்டு திரும்பி வந்தது. நான் உஷார். பயிற்சிக்குப் போன நைனார்பாளையத்துப் பள்ளியில் லேசாகத் திக்கிப் பேசிய ஒரு குழந்தைக்கு இல்லாத சித்தியை நானே கொண்டுவந்து சேர்த்தேன். அவள் சூடு போட்டாள் என்று எழுதினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

அதே கைதான் மலருக்கும் எழுதியது. எண்ணெய் காணாத தலை என்று எழுதினேன். கிழிந்த பாவாடை என்று எழுதினேன். அதுவும் போதவில்லை. ‘சாராயத்துக்கு அடிமையான தந்தை, மகளின் சிலேட்டையும் விற்றுக் குடித்தார். பலமுறை அவர் வீட்டுக்கு நடந்தே போய் அவரைத் திருத்தினேன்’ என்று சேர்த்தேன். கல்வராயன் மலை என்றால் கீழே இருப்பவர்களுக்கு முதலில் சாராயம்தான் ஞாபகம் வரும். தெரிந்துதான் எழுதினேன். பெயர் போடவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு சமாதானமும் கையில் வைத்திருந்தேன்.

அந்த மனிதர் பீடிகூடக் குடித்ததில்லை.

விழாவன்று கல்லூரி வாசலில் அவளே எதிரே வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். கூடவே நடந்தபடி சொன்னாள்: “மலர் வேலைல நானும் இருந்தேன் டீச்சர். உங்க பக்கத்த நான்தான் டைப் பண்ணேன். ரெண்டு எழுத்துப் பிழ இருந்திச்சி, திருத்திட்டேன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இல்லை. சும்மா சொன்னாள்.

“அப்பா வந்துக்கிறாரு டீச்சர். மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

மூன்றாவது வரிசையில் இருந்தார். கடை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நான் நேரே பேராசிரியரிடம் ஓடினேன்.

“சார், என் பக்கத்த வாசிக்க வேணாம்.”

“இன்னா டீச்சர் இப்பிடிச் சொல்றீங்க? அதாங்க நிகழ்ச்சியே. வாசிச்சி முடிச்சதும் அந்தப் பொண்ண மேடைக்குக் கூப்புட்டு, இவங்கதான் அவங்கன்னு சொல்லப் போறோம்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கெஞ்சினேன். கடைசியில், “சரி, யாருன்னு சொல்லல. ஆனா வாசிக்காம வுட முடியாது, அச்சடிச்சாச்சி” என்றார். “அது பொய் சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். தட்டில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது. நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருவது எழுதியதற்காக இல்லை, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

ஒரு மாணவர் நன்றாகவே வாசித்தார். தேவையான இடங்களில் குரலைத் தழதழக்க வைத்தார். நான் மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டு விற்ற இடத்தில் அவர் தலையை ஆட்டி உச்சுக் கொட்டினார். மேடைப் படியருகே நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டலுக்கு நடுவே எனக்குப் பொன்னாடை போட்டார்கள். அடுத்து அவளைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் அப்பா தட்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தப் புள்ள கதயக் கேட்டு எனக்கு மனசே ஆறலீங்க. யாரு வூட்டுப் புள்ளைங்க அது? நம்ம மலப் பக்கமா?”

நான் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

“உனக்குத் தெரியாதுப்பா. அது வேற புள்ள” என்றாள் மகள்.

“அந்தப் புள்ளயோட அப்பன் இங்க வந்துக்கிறானா இன்னா?”

“இல்லப்பா. வர்ல.” இதை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் பெருமூச்சு விட்டார்.

“நல்ல வேளங்க டீச்சர். குடிகாரனா இருந்தாலும் அவனும் ஒரு அப்பன்தானுங்களே. இத்தினி பேருக்கு நடுவுல குந்திக்கினு இதக் கேட்டிருந்தான்னா, பெத்த பொண்ணு மூஞ்சிய எப்பிடிங்க பாப்பான்?”